பிரவுசரில் ஓடும் தேடல், ஏஐ கேட்டால் 403

பெங்களூரு அல்சூரில் இருக்கும் அம்மா தமிழில் கேட்டால் அன்றைய செய்தியைத் தேடிச் சொல்லும்படி உதவியாளர் அமைக்கிறீர்கள், அதற்கு வைத்த சியர்எக்ஸ்என்ஜி (SearXNG) என்ற தேடுபொறி பிரவுசரில் ஒழுங்காக ஓடுகிறது, ஏஐ கேட்டால் மட்டும் 403, அதாவது 'அனுமதி இல்லை' என்ற பிழை, இதுதானே சிக்கல்? ஏபிஐ கீ (ஒரு மென்பொருள் இன்னொன்றை அணுகத் தரும் ரகசியக் குறியீடு) எதுவும் வேண்டாம், அதைத் தேடி அலையாதீர்கள். சியர்எக்ஸ்என்ஜியை வந்தபடியே விட்டால் எச்டிஎம்எல், அதாவது பிரவுசருக்கான பக்கம் மட்டும்தான் தரும்; ஏஐ கேட்பதோ நிரல்கள் படிக்கும் ஜேசான் (JSON) வடிவம், அதனால்தான் மறுக்கிறது. செட்டிங்ஸ் ஃபைலில் 'சர்ச்' பகுதியில் 'ஃபார்மட்ஸ்' என்பதன் கீழ், எச்டிஎம்எல்லை அழிக்காமல், ஜேசானையும் ஒரு வரியாகச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்த ஃபைலில் இடைவெளி ஒன்று பிசகினாலும் படுத்துவிடும், கவனம்.

அப்புறம், ஏஐ தனி டாக்கர் கன்டெய்னரில் (மென்பொருளைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி மாதிரி) இருந்தால் 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற முகவரி அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். இரண்டையும் ஒரே நெட்வொர்க்கில் போட்டு, தேடல் கன்டெய்னரின் பெயரையும் 8080 போர்ட்டையும் கொடுங்கள். அதன் பிறகும் மக்கர் செய்தால் லாக்கின் (நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவின்) கடைசி வரிகளை அனுப்புங்கள், பார்த்துவிடலாம்.