வேலிக்கு முன்னால் ஒரு கௌபாய்: கேள்வி பதில்

அமெரிக்க ஓவியர் ஃபிரெடரிக் ரெமிங்டன் 1895-இல் வரைந்த ‘கௌபாயின் வீழ்ச்சி’ ஓவியத்தைப் போன வாரம் காட்டியிருந்தேன். பனி மூடிய சமவெளி, ஒரு வேலி, இரண்டு கௌபாய்கள் (குதிரைமேல் இருந்து மாடு மேய்க்கும் அமெரிக்க மேற்குப் பகுதி ஆட்கள்), தலை தொங்கிய குதிரைகள். அதைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: தலைப்பு ‘வீழ்ச்சி’ என்கிறது. படத்தில் யாரும் விழவில்லையே, சார்?

பதில்: ஒருவர் இறங்கியிருக்கிறாரே, அதுதான். கௌபாய்க்கு மரியாதையெல்லாம் குதிரைமேல் இருக்கும்வரை. காலால் செய்கிற வேலை என்றாலே முகம் சுளிப்பார்கள். இங்கே ஒருவர் இறங்கி வேலிக் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது; மற்றவர் சேணத்திலேயே காத்திருக்கிறார். டெக்சஸிலிருந்து கன்சாஸ் ரயிலடிவரை நூற்றுக்கணக்கான மைல் மாடு ஓட்டிப்போன கூட்டம் இது. ஜோசப் கிளிட்டன் 1874-இல் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். அப்புறம் அந்தப் புல்வெளி கூறுகூறாக அடைபட்டது. வேலியே மாட்டைக் காக்கும்போது அத்தனை ஆள் எதற்கு?

கேள்வி: கௌபாய் என்றால் வெயிலும் புழுதியும்தானே? ஏன் பனி?

பதில்: அமெரிக்க மேற்கின் 1886-87 குளிர்காலத்தைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? முந்தைய கோடையில் மழை பொய்த்துப் புல் கருகியிருந்தது, மேலே பனி. லட்சக்கணக்கில் மாடுகள் செத்தன. மொன்டானாவில் ஒரு முதலாளி மந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, அங்கே வேலை பார்த்த ஓவியர் சார்லஸ் ரசல் பதிலாக ஒரு சின்ன நீர்வண்ணப் படம் வரைந்தார். எலும்பும் தோலுமாக ஒரு மாடு, சுற்றிலும் ஓநாய்கள். அஞ்சலட்டை அளவுதான் இருக்கும். ரெமிங்டன் அந்த வருஷத்தைத்தான் வரைந்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1895-இல் இந்தப் பனியைப் பார்த்த மாட்டுக்காரர்களுக்கு அது நினைவுக்கு வராமல் இருந்திருக்காது.

கேள்வி: அச்சு அசலாக இருக்கிறது. நேரில் பார்த்து வரைந்ததா, அண்ணா?

பதில்: ரெமிங்டன் குடியிருந்தது நியூயார்க் பக்கத்து நியூ ரோசெலில். மேற்கே பலமுறை போய்வந்தவர்; கன்சாஸில் கொஞ்ச நாள் பண்ணைகூட வைத்திருந்தார், ஆட்டுப்பண்ணை! இந்தப் படம் எழுத்தாளர் ஓவன் விஸ்டர் கௌபாய்களைப் பற்றி ஹார்ப்பர்ஸ் இதழில் எழுதிய கட்டுரைக்காக வரைந்தது. சேணம், கோட்டு, குதிரையின் உடற்கட்டு எல்லாம் கண்ணால் கண்டவை. அந்தச் சோகம் மட்டும் ஊர்க்காரனுடையது அல்ல, விருந்தாளியுடையது என்பது என் கணிப்பு.

கேள்வி: அசல் எங்கே இருக்கிறது?

பதில்: டெக்சஸ், ஃபோர்ட் வொர்த், ஏமன் கார்ட்டர் அருங்காட்சியகம். போனால் வானமும் தரையும் சேருகிற இடத்தைப் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம். கோடு போட்ட மாதிரி தெரிவது வேலி ஒன்றுதான்.