மலையேறியதை ஏன் மறைத்தீர்கள்?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 24 வயது. மூன்று வருடமாக வலி. இடுப்பில் தொடங்கியது, இப்போது கழுத்து, தோள், சில நாள் விரல் மூட்டுகள். எக்ஸ்ரே, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று. "நார்மல்" என்று சொல்லும்போது வீட்டில் எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு மட்டும் அழுகை வருகிறது. ஏதாவது இருந்துவிடக்கூடாதா என்று நினைக்கிறேன், நினைத்ததற்காக வெட்கப்படுகிறேன். கடைசியாகப் பார்த்த மருத்துவர், "இந்த வயசுல என்னம்மா வலி, போனைக் குறைச்சுக்கோ" என்றார்.

சில நாள் வலி குறைவாக இருக்கும். போன மாதம் தோழிகளோடு ஒரு மலை ஏறினேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் "அப்போ வலி எங்கே போச்சு?" என்பார்கள். உள்ளே யாரோ ஈரத்துணியை முறுக்குவது போல இருக்கிறது, அதை யாரிடம் காட்டுவது? நான் நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

ம.
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள ம.,

நீங்கள் நடிப்பது உண்மைதான். ஆனால் நீங்கள் நினைக்கும் வேடத்தில் அல்ல. வலிக்காதவள் போலத்தான் நாள் முழுக்க நடிக்கிறீர்கள். அந்த நடிப்பின் களைப்பு கடிதம் முழுக்கத் தெரிகிறது.

எனக்கு 23 வயதில் தொடங்கியது. பின்னிரவு மூன்று, நான்கு மணிக்கு இடுப்பு இறுகி விழிப்பு வந்துவிடும். புரண்டு படுக்க முடியாது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முதலில் காலைக் கீழே இறக்கி, பிறகு உடம்பைச் சரித்து எழுவேன். பல் துலக்கும்போது குனிய வராது. நிமிர்ந்தபடியே துப்பி, சட்டையெல்லாம் நுரை. பத்து மணிக்குள் பாதி விலகிவிடும். அலுவலக மாடிப்படியை நான்கு முறை ஏறி இறங்கினால் இன்னும் லேசாகும். ஞாயிறு முழுக்கப் படுத்துக் கிடந்தால் திங்கட்கிழமை எழவே முடியாது.

இந்த மாடிப்படி விஷயத்தை ஐந்து மருத்துவர்களிடம் நான் சொல்லவில்லை. நடந்தால் குறைகிறது என்று சொன்னால் "பிறகென்ன, நடங்க" என்று அனுப்பிவிடுவார்கள் என்று பயம். எனக்கு வலிக்கிறது என்று நிரூபிக்கும் வழக்கில் எதிர்த்தரப்புக்குச் சாதகமான சாட்சியை நானே எதற்குக் கூண்டில் ஏற்ற வேண்டும்? ஆறாவதாகப் பார்த்தவர் வாதநோய் நிபுணர். தடித்த கோப்பைத் தள்ளி வைத்துவிட்டு, "படுத்தா குறையுதா, கூடுதா?" என்று கேட்டார். மாட்டிக்கொண்ட குரலில் உண்மையைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். முதுகெலும்பு, இடுப்பு மூட்டுகளில் வரும் அழற்சி. தசைப்பிடிப்பும் சுளுக்கும் பெரும்பாலும் ஓய்வில் அடங்கும்; இது ஓய்வில் கூடும், அசைந்தால் குறையும். பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்கிவிடும். எக்ஸ்ரேயில் தடம் தெரியப் பல வருடங்கள் ஆகலாம். பெண்களுக்கு இதைக் கண்டுபிடிக்க இன்னும் தாமதமாகிறது. நான் ஆறு வருடம் ஒளித்து வைத்திருந்ததுதான் துப்பு.

உங்களுக்கும் அதுவே என்று சொல்லவில்லை. கடிதத்தைப் படித்து நோய் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள், என்னையும் சேர்த்து. ஆனால் "நார்மல்" என்ற சொல்லை அதன் அளவுக்கு மட்டும் மதியுங்கள். ஒரு பரிசோதனை தன்னிடம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். நரம்புக் கடத்தல் சோதனை தடித்த நரம்பிழைகளை அளப்பது. மெல்லிய இழைகள் கெட்டு உடம்பு எரிந்தாலும் அது நார்மல் என்றே வரலாம். கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் ஸ்கேனில் அகப்படாமலே இருக்கலாம். இன்னும் சில வலிகளில் தசையிலோ மூட்டிலோ தேடிக் கிடைக்க ஒன்றுமே இருக்காது. வலியைக் கடத்தும் நரம்பு மண்டலமே அளவு மீறிக் கூர்மையாகிவிடும். வால்யூமைக் கூட்டியவர் எப்போதோ போயிருப்பார், குமிழ் அங்கேயே நிற்கும். இது கற்பனை வலி என்ற பேச்சுக்கு மருத்துவத்திலேயே இடமில்லை. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இத்தகைய வலி தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று சேர்த்தே எழுதியது. போனைக் குறைக்கச் சொன்னவர் இதைப் படித்திருக்கலாம்.

பெயர் கிடைத்த அன்று மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில். மறுநாள் காலை அதே இடுப்பு, அதே நுரை. மருந்து பிடித்து எழுந்து நடக்கப் பல மாதங்கள் ஆயின. உடனே மாறியது வீடுதான். என்னைச் சோம்பேறி என்ற அதே வாய், "பார்த்து எழுந்திரு" என்றது. நேற்றும் இதே முதுகெலும்புதானே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்றும் முழுதாக அடங்கவில்லை. அதனால் பெயருக்கு ஏங்குவதில் வெட்கம் வேண்டாம். நீங்கள் ஏங்குவது நோய்க்காக அல்ல, நம்பப்படுவதற்காக.

இப்போது உங்கள் கடிதத்தின் மிக நல்ல வரிக்கு வருகிறேன்: ஈரத்துணியை முறுக்குவது போல. இதை எந்த மருத்துவரிடமாவது சொன்னீர்களா? "ரொம்ப வலிக்குது டாக்டர்" என்று மட்டும்தான் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வலியை ஆராய்ந்த உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975-இல் உருவாக்கிய மெக்கில் வலி வினாப்பட்டியலில் வலியை விவரிக்க 78 சொற்கள், 20 தொகுதிகளாக இருக்கின்றன. நமக்குப் பட்டியலே வேண்டாம். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், காந்தல், இழுப்பு, தெறிப்பு, விண்விண் என்று நம் பாட்டிமார்கள் ஒவ்வொன்றையும் வேறு வேறாகவே சொன்னார்கள். எரிகிறதா, குடைகிறதா என்பதே வேறு வேறு கதவைத் திறக்கும். பத்துக்கு எத்தனை என்ற கேள்விக்கு நான் எப்போதும் "எட்டு" என்பேன், ஏழு சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று!

இரண்டு வாரம் மட்டும் குறித்து வையுங்கள். எப்போது விழித்தீர்கள், எது கூட்டியது, எது குறைத்தது, அன்று என்ன செய்ய முடியாமல் போயிற்று. ஒரு பக்கத்துக்குள் எழுதி, முடிந்தவரை ஒரே மருத்துவரிடம் போங்கள். ஆள் மாற்றினால் கதை மறுபடி முதல் பக்கத்திலிருந்து. இரண்டு வாரத்துக்கு மேல் எழுதாதீர்கள். நான் ஒரு வருடம் எழுதி, வலிக்குக் கணக்குப்பிள்ளை ஆனதுதான் மிச்சம். காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, காலில் பலமின்மை, தொடை நடுவே மரத்துப்போதல், சிறுநீர் அடக்க முடியாமை இவற்றில் எது வந்தாலும் தாமதிக்க வேண்டாம். கடைசி மூன்றும் திடீரென வந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

அந்தப் பக்கத்தில் மலையேற்றத்தையும் எழுதுங்கள். ஏறும்போது எப்படி இருந்தது, அன்றிரவு எப்படி, மறுநாள் எப்படி என்று. வலி இருப்பவர் மலையேறலாம், சிரிக்கலாம், மறுநாள் படுத்துக் கிடக்கலாம். மூன்றும் ஒரே உடம்பின் செய்திதான்.

மேலேயிருந்து என்ன தெரிந்தது என்று நீங்கள் எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா