கசடுக் கார்பன் பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஃபில்டர்களுக்குப் புது கார்பன் போட வேண்டும். சாக்கடைக் கசடிலிருந்து செய்த ஆக்டிவேட்டட் கார்பனை ஒருவர் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். எஸ்டிபிக்கும் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) குடிநீர் பிளான்ட்டுக்கும் சேர்த்தே வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
- குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை

பதில்: குடிநீருக்கு வேண்டவே வேண்டாம். எஸ்டிபிக்கு யோசிக்கலாம், அதுவும் டெஸ்ட் ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு.

இப்படி ஒரு சரக்கு உண்டா என்ற சந்தேகம் தேவையில்லை. கசடைக் காயவைத்து, காற்றுப் படாமல் 500 முதல் 900 டிகிரி வரை சூடாக்கி, நீராவியாலோ ஜிங்க் குளோரைடு போன்ற ரசாயனத்தாலோ நுண்துளைகளை உண்டாக்குகிறார்கள். சாயம் மாதிரியான பெரிய மூலக்கூறுகளை இந்தக் கார்பன் நன்றாகவே பிடிக்கும். கொட்ட இடமில்லாமல் தவிக்கிற கசடுக்கு இப்படி ஒரு வழி பிறப்பது உண்மையிலேயே நல்ல விஷயம்.

சிக்கல் கசடுக்குள்ளேயே இருக்கிறது. கழிவுநீரில் வரும் ஈயம், காட்மியம், குரோமியம் எல்லாம் பெரும்பாலும் கசடில்தான் போய்த் தங்கும். சூடாக்கும்போது கரிமப் பொருளில் பெரும்பகுதி வாயுவாகிப் போக, பல உலோகங்கள் மிஞ்சியதில் இன்னும் செறிவாகிவிடும். ஜிங்க் குளோரைடு போட்டுச் செய்ததைச் சரியாகக் கழுவாவிட்டால் துத்தநாகமும் சேரும். குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், காட்மியம் 0.003 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500. கொஞ்சம் கசிந்தாலே வரம்பு தாண்டிவிடும். குழந்தைகள் குடிக்கிற தண்ணீர், அதில் பரிசோதனை செய்யாதீர்கள்.

அப்புறம் விலை. நல்ல கொட்டாங்குச்சிக் கார்பனில் சாம்பல் சில சதவீதம்தான். கசடுக் கார்பனில் பாதிக்கு மேல்கூட இருக்கும். மாசைப் பிடிக்க உதவாத அந்தச் சாம்பலுக்கும் சேர்த்துத்தான் கிலோ கணக்கில் காசு கொடுக்கிறீர்கள். அதனால் கிலோ விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள், கார்பன் எவ்வளவு உறிஞ்சும் என்று காட்டும் அயோடின் நம்பரைக் கேளுங்கள். கொட்டாங்குச்சிக் கார்பனுக்கு அது 900 முதல் 1100 வரை இருக்கும். இவர் தருவது 400 என்றால், பாதி விலையில் உங்களுக்கு லாபம் ஒன்றுமில்லை.

எஸ்டிபிக்கு வாங்குவதானால், உங்களுக்கு வரப்போகும் அதே லாட்டிலிருந்து சாம்பிள் எடுத்து, என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற லேபில் அயோடின் நம்பர், சாம்பல், உலோகக் கசிவு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். குருணை உறுதியாக இருக்கிறதா என்பதும் முக்கியம். பொடிந்தால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். மூட்டைகளைக் குடிநீர் பிளான்ட் பக்கமே வைக்காதீர்கள், ஆபரேட்டர் மாற்றிப் போட்டுவிடலாம். ரிப்போர்ட் தராமல் இழுத்தடித்தாலோ, வேறு லாட்டின் பழைய ரிப்போர்ட்டை நீட்டினாலோ, எஸ்டிபிக்கும் கொட்டாங்குச்சிக் கார்பனையே போடுங்கள்.