வாசகர் கேள்வி: கருவி எதையும் அனுப்பாதபோதும் ஏற்றுமதி அனுமதி எதற்கு?

கேள்வி: வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து செய்யும் ஆய்வில் தரவுகளும் மென்பொருளும் மட்டுமே பரிமாறப்படுகின்றன. இதற்கும் ஏற்றுமதி அனுமதி தேவையா? பொருளாதாரத் தடையும் இதுவும் ஒன்றுதானா?

பதில்: இரண்டும் வேறு. பொருளாதாரத் தடை பெரும்பாலும் யாருடன் உறவு கொள்கிறோம் என்பதைப் பார்க்கிறது. ஏற்றுமதிக் கட்டுப்பாடு எதைக் கொடுக்கிறோம், அது ராணுவத்துக்கும் பயன்படுமா என்பதைப் பார்க்கிறது. கொடுப்பது என்றால் பெட்டியில் கட்டி அனுப்புவது மட்டுமன்று. அமெரிக்கச் சட்டப்படி, கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட தொழில்நுட்ப விவரத்தை அந்நாட்டு ஆய்வகத்திலேயே பணிபுரியும் வெளிநாட்டு மாணவருக்குக் காட்டினாலும் அது அவருடைய நாட்டுக்குச் செய்த ஏற்றுமதியாகவே கருதப்படும். விமானப்படைக்கான ஆளில்லா விமானத் திட்டத்தின் விவரங்களைச் சீன, ஈரானிய மாணவர்கள் கையாள விட்ட டென்னசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவருக்கு 2009-இல் நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

தடையின்றி வெளியிடப்படும் அடிப்படை ஆய்வின் முடிவுகளுக்கு, 1985-இல் ரீகன் அரசு வகுத்த கொள்கையின் வழியே அங்கு விலக்கு உண்டு. ஆனால் நிதி தரும் நிறுவனம் தன் ஒப்புதலின்றிக் கட்டுரை வெளியிடக்கூடாது என்றோ, குறிப்பிட்ட நாட்டவரைச் சேர்க்கக்கூடாது என்றோ நிபந்தனை விதித்து, அதை ஆய்வாளர் ஏற்றுக் கையெழுத்திட்டால், அந்த விலக்கு பறிபோகக்கூடும். மாதிரிப் பொருள்களுக்கும் கருவிகளுக்கும் இந்த விலக்கு பொருந்தாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

அரசுகள் உறவை முறித்துக்கொள்ளும்போது ஏற்படும் இழப்பு இன்னும் பெரியது. வானம் முழுவதையும் எட்டு முறை அளக்கும் திட்டத்துடன் 2019-இல் ரஷ்ய விண்கலத்தில் சென்ற ஜெர்மானிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியான இ-ரோசிட்டா, நான்கு முறை அளந்து முடித்து ஐந்தாவதைத் தொடங்கியிருந்த நிலையில், உக்ரைன் போரையடுத்து 2022 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டது.

சட்டம் கேட்பதைவிடக் கூடுதலாகப் பல்கலைக்கழகங்களே அஞ்சி ஒதுங்குவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. விண்ணப்பித்தால் அனுமதி கிடைக்கக்கூடிய மாணவரைக்கூட, நாட்டின் பெயரைப் பார்த்ததுமே தவிர்த்துவிடுவது பெரும் அநீதி.

உங்கள் ஆய்வில் தரவுகள் வெளியீட்டுக்கு உரியவையானால் பொதுவாகச் சிக்கல் குறைவு. மென்பொருளை மட்டும் இரு நாடுகளின் கட்டுப்பாட்டுப் பட்டியல்களோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். உரிமம் கிடைக்கச் சில மாதங்கள் ஆகலாம் என்பதால், ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே இதைத் தொடங்கிவிடுவது நல்லது.