மசாஜ் செய்துகொண்ட மறுநாள் உடம்பு முடியாமல் போனால் என்ன செய்வது?

உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலி, எழுந்தால் தலைசுற்றல், லேசான குமட்டல். செய்துவிட்டவரைக் கேட்டால் "நச்சு வெளியேறுகிறது, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். இதுதானே உங்கள் நிலைமை?

முதலில் அந்த நச்சுக் கதையை விடுங்கள். ரத்தத்தில் சேரும் கழிவை நீக்குவது கல்லீரலும் சிறுநீரகமும்தான். தசையில் சேர்ந்த லாக்டிக் அமிலம்தான் வலிக்குக் காரணம் என்று சொல்வதும் பொருந்தாது. கடுமையாக ஓடி முடித்தவருக்கே அது ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். நச்சைக் கழுவிவிடலாம் என்று நம்பி நாலைந்து லிட்டர் தண்ணீரை மடமடவென்று குடிக்காதீர்கள். சோடியம் குறைந்து தலைவலியும் குமட்டலும் கூடிவிடும். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

வலிக்குக் காரணம் அழுத்தம். பழகாத உடற்பயிற்சி செய்தால் வருமே, அந்த மாதிரி வலி. ஓரிரு நாள் தூக்கலாக இருந்து, 72 மணி நேரத்துக்குள் அடங்கவேண்டும். படுத்தே கிடந்தால் இறுக்கம் கூடும்; 10 நிமிடம் மெதுவாக நடங்கள். கன்றிய இடத்தில் முதல் நாள் ஐஸைத் துணியில் சுற்றி 10 நிமிடம் வையுங்கள். கன்றாமல் வெறும் இறுக்கம் மட்டும் என்றால் வெந்நீர் ஒத்தடம், 15 நிமிடம். பெரியவர்களுக்கு பாராசிட்டமால் 500 மி.கி., 6 மணி நேர இடைவெளியில். கல்லீரல் நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டுத்தான். வலிக்கிற இடத்தை மறுபடி அமுக்கக் கொடுக்காதீர்கள்.

தலைசுற்றலுக்குக் காரணம் வேறு. ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருந்தால் ரத்த அழுத்தம் தணிந்திருக்கும்; சட்டென்று எழுந்தால் ரத்தம் காலில் தங்கிக் கண் இருட்டும். படுத்து, கால்களைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். தெளிந்ததும் ஒருக்களித்து, இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எழுங்கள். அன்றைக்குச் சுடச்சுடக் குளியலும் மதுவும் வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு இது அதிகம் வரும். இன்சுலின் போடுபவர்கள் சர்க்கரையையும் பார்க்கவேண்டும், ஏனென்றால் ஊசி போட்ட இடத்தைத் தேய்த்தால் மருந்து வேகமாக இறங்கும். 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

"பயமுறுத்துகிறாய், எங்களுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லையே" என்று சிலர் கீழே எழுதுவார்கள். மசாஜ் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டா, காலில் வீக்கம் உண்டா, கழுத்தில் அடிபட்டதா என்று ஒரு வார்த்தை கேட்காமலே கைவைக்கிறார்களே, அதுதான் கோபம். வலித்தால்தான் பலன் என்பதும் பொய். வலியை 10-க்கு மதிப்பிட்டால் 5, 6-ஐத் தாண்டும்போதே நிறுத்தச் சொல்லலாம். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டால் தசை இன்னும் இறுகும்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதை மசாஜின் தலையில் போடாமல் வேறு காரணம் தேடுங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையைப் போடாதீர்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதைத் தேய்க்கவே கூடாது. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கழுத்தைத் திருகிச் சொடுக்கிய பிறகு இதுவரை இல்லாத கழுத்துவலி, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், முகம் கோணுதல் வந்தாலும் அப்படியே. கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். அறிகுறி சில நாள் கழித்தும் வரும். மருத்துவரிடம் மசாஜ் செய்துகொண்டதை மறைக்காமல் சொல்லுங்கள்: எந்த நாள், எந்த இடம், கழுத்தைத் திருகினார்களா என்று.