இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த சேனல்: பணம் கட்டும் முன்

கேள்வி: அரசியல் விமர்சன யூடியூப் சேனல் நடத்துகிறேன். ஒரு செய்தி நிறுவனத்தின் காட்சிகளை 9 விநாடி, 14 விநாடி என்று சேர்த்த இரண்டு வீடியோக்களுக்கு ஒரே வாரத்தில் காப்பிரைட் ஸ்ட்ரைக் (பதிப்புரிமைப் புகாரில் வீடியோவை நீக்கி, சேனல் மீது யூடியூப் பதியும் எச்சரிக்கை) வந்துவிட்டது. "ஆண்டு உரிமம் வாங்குங்கள், ஸ்ட்ரைக்கை எடுத்துவிடுகிறோம். உங்களுடைய வேறு வீடியோக்களும் எங்கள் பட்டியலில் இருக்கின்றன" என்று ஃபோனில் சொல்கிறார்கள். கேட்பது லட்சங்களில். கட்டிவிடலாமா? எதிர்த்தால் வழக்கு வருமா?

பதில்: இன்றைக்குப் பணம் கட்டாதீர்கள். கோபத்தில் இன்றைக்கே எதிர் அறிவிப்பும் (வீடியோவை நீக்கியது தவறு என்று யூடியூப் வழியாகக் கொடுக்கும் சட்டப்படியான மறுப்பு) அனுப்பாதீர்கள். முதல் வேலை, மூன்றாவது ஸ்ட்ரைக் விழாமல் பார்த்துக்கொள்வது. 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனல் முடக்கப்படும் என்பது யூடியூப் விதி. உங்களிடம் பேசுகிறவருக்கும் அது தெரியும். பதிப்புரிமை அவர் பக்கமா உங்கள் பக்கமா என்பது பிறகு வரும் விவகாரம். லட்சங்களுக்கு விலை பேச வைப்பது அந்தக் காலக்கெடுதான்.

யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து, அந்த நிறுவனத்தின் காட்சி எங்கெல்லாம் வருகிறதோ அந்தப் பழைய வீடியோக்களைப் பிரைவேட்டில் போடுங்கள். பிறகு நிதானமாக எடிட்டரில் அந்தத் துண்டை மட்டும் வெட்டலாம். ஸ்ட்ரைக் விழுந்த இரண்டையும் அழிக்காதீர்கள். வீடியோவை அழித்தால் ஸ்ட்ரைக் போகாது. அசல் கோப்பு, எடிட்டிங் புராஜெக்ட், ஸ்ட்ரைக் விவரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் தனி டிஸ்கில் எடுத்து வையுங்கள். ஸ்டூடியோவில் புகார்தாரராகக் காட்டும் பெயரும் உங்களிடம் பணம் கேட்கும் மின்னஞ்சலின் முகவரியும் ஒரே நிறுவனம்தானா என்று பாருங்கள். இனி ஃபோன் வந்தால் "மெயிலில் எழுதுங்கள்" என்பதற்கு மேல் பேச வேண்டாம்.

வந்திருப்பது ஸ்ட்ரைக்கா, கன்டென்ட் ஐடி க்ளெய்மா என்பதையும் உறுதி செய்யுங்கள். பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். க்ளெய்ம் என்பது இயந்திரம் பிடித்தது. வருமானம் போகும், சேனலுக்கு ஆபத்தில்லை. அதை டிஸ்ப்யூட் செய்தால் எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். ஸ்ட்ரைக்கோ அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டமான டிஎம்சிஏ-படி கொடுத்த நீக்கக் கோரிக்கையின் விளைவு. அதற்கு டிஸ்ப்யூட் பட்டன் கிடையாது. 90 நாள் காத்திருந்து காலாவதியாக விடலாம் (காப்பிரைட் ஸ்கூல் என்ற யூடியூபின் இணையப் பாடத்தை முடித்திருக்க வேண்டும்), புகார்தாரரே திரும்பப் பெறலாம், அல்லது நீங்கள் எதிர் அறிவிப்பு கொடுக்கலாம்.

எதிர் அறிவிப்பு கொடுக்குமுன் உங்கள் வீடியோவை நீங்களே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். 'ஏழு விநாடி வரை எடுக்கலாம்' என்று யூடியூபர்கள் நடுவே ஒரு வாய்மொழிச் சட்டம் உலவுகிறது. இந்தியச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை, அமெரிக்கச் சட்டத்திலும் இல்லை. நம் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(அ) விமர்சனம், மதிப்புரை, நடப்பு நிகழ்வுகளைச் செய்தியாக்குவது ஆகியவற்றுக்காக நியாயமாக எடுத்தாள்வதை அனுமதிக்கிறது. எது நியாயம் என்பதற்கு 1996இல் கேரள உயர் நீதிமன்றம் சிவிக் சந்திரன் வழக்கில் ஓர் அளவுகோல் தந்தது. தோப்பில் பாசியின் நாடகம் ஒன்றை விமர்சிக்க, அதன் பகுதிகளையே எடுத்து எழுதப்பட்ட எதிர்நாடகம் பற்றிய வழக்கு அது. எவ்வளவு எடுத்தீர்கள், எதற்காக எடுத்தீர்கள், எடுத்தது அசலுக்குப் போட்டியாகுமா என்று பார்த்து, எதிர்நாடகத்தின் பக்கம் நின்றது நீதிமன்றம்.

உங்கள் 9 விநாடியை இதில் வைத்துப் பாருங்கள். அமைச்சர் பேசியதைக் காட்டிவிட்டு அதே பேச்சைக் கூறுபோட்டுப் பேசியிருந்தால் நிலம் உறுதி. நீங்கள் வேறு ஏதோ பேசும்போது பின்னணியில் சும்மா ஓடவிட்ட காட்சி என்றால் பலவீனம். அதற்குச் சத்தியம் செய்யாதீர்கள், 90 நாள் காத்திருங்கள். இரண்டில் ஒன்று மீண்டாலே எண்ணிக்கை ஒன்றாகிவிடும்.

சத்தியம் என்று சும்மா சொல்லவில்லை. அந்தப் படிவத்தில் பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்பட்டு உறுதிமொழி தருகிறீர்கள். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகார வரம்புக்கும் சம்மதிக்கிறீர்கள். முழுப்பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அப்படியே எதிர்த்தரப்புக்குப் போகும். அரசியல் சேனல் நடத்துகிறவர்கள் இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. வழக்கறிஞர் மூலமும் அனுப்பலாம். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவு ஆகாது.

காரணம் எழுதும் பெட்டியில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். "கிரெடிட் கொடுத்திருக்கிறேன்", "லாப நோக்கமில்லை", "எல்லோரும் போடுகிறார்கள்" இவை எதுவும் வாதம் ஆகாது. காரணம் போதவில்லை என்று யூடியூபே படிவத்தைத் திருப்பிவிடும். ஆங்கிலத்தில், நேரக்குறிப்போடு எழுதுங்கள்: 02:14 முதல் 02:23 வரை காட்சி, 02:23 முதல் 04:05 வரை அதே கூற்றின் மீது என் விமர்சனம், மொத்த வீடியோ 11 நிமிடம், தேவையான அளவே எடுத்தேன், இது அசல் செய்திக்கு மாற்றாகாது. இவ்வளவு போதும்.

யூடியூப் ஏற்று அனுப்பிய பிறகு, எதிர்த்தரப்பு 10 அமெரிக்க வேலை நாட்களுக்குள் உங்கள் மீது வழக்குப் போட்டதற்கான ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வீடியோ திரும்பும், ஸ்ட்ரைக் விலகும். இதற்கிடையே மூன்றாவது விழுந்தால், பார்ட்னர் திட்டத்தில் (யூடியூப் வருமானம் பகிரும் திட்டம்) உள்ள சேனலுக்கு 7 நாள் சலுகை உண்டு. அதற்குள் எதிர் அறிவிப்பு கொடுத்தால், அது முடியும்வரை சேனலை முடக்க மாட்டார்கள்.

வழக்கு வருமா? வரலாம். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 62இன் கீழ், வாதி தன் ஊர் நீதிமன்றத்திலேயே பதிப்புரிமை வழக்குப் போட இடமுண்டு. டெல்லி நிறுவனம் என்றால் டெல்லிக்கு ஓட நேரிடலாம். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்தே முடிவெடுங்கள். மறுபக்கம், வெறும் மிரட்டலாகவே நீட்டிக்கொண்டிருந்தால் பிரிவு 60 உங்களுக்கு உதவும்: ஆதாரமற்ற வழக்கு மிரட்டலுக்கு எதிராக நீங்களே நீதிமன்றம் போய்த் தடையும் இழப்பீடும் கேட்கலாம். அவர்கள் உரிய கவனத்தோடு உரிமைமீறல் வழக்கை நடத்தத் தொடங்கிவிட்டால் இந்தப் பிரிவு பயன்படாது.

'பணம் பறிப்பு' என்று போலீசுக்குப் போகலாமா என்பது அடுத்து வரும் கேள்வி. காட்சி உண்மையில் அவர்களுடையது என்றால், உரிமத் தொகை கேட்பதை மட்டும் வைத்து பாரதிய நியாய சன்ஹிதாவில் பணப் பறிப்புக்கான பிரிவு 308ஐ நிறுவுவது கடினம். உரிமையே இல்லாதவர் ஸ்ட்ரைக் அடிப்பது வேறு கதை. 2019இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஒருவர் மைன்கிராஃப்ட் சேனல்கள் மீது பொய்ப் புகார் கொடுத்து, பேபால் என்றால் 150 டாலர், பிட்காயின் என்றால் 75 டாலர் என்று பேரம் பேசினார். யூடியூபே வழக்குப் போட, 25,000 டாலரும் மன்னிப்பும் கொடுத்து முடித்துக்கொண்டார். அவர் மாட்டியது அவ்வளவு அப்பட்டமாகச் செய்ததால். கொஞ்சம் நாசூக்காகச் செய்கிறவர்களைப் பொய்ப் புகாருக்கான டிஎம்சிஏ 512(எஃப்) பிரிவு லேசில் தொடாது. குழந்தை ஆடும் 29 விநாடி வீடியோவை, பின்னணியில் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸின் பாட்டு கேட்டதற்காக 2007இல் நீக்க வைத்தார்கள். அந்தத் தாய் போட்ட வழக்கு 2018 வரை இழுத்து, கடைசியில் சமரசத்தில் முடிந்தது.

எல்லாம் பார்த்தபின் உரிமம் வாங்குவதே லாபம் என்று தோன்றினால், ஆண்டுச் சந்தாவுக்குப் பதில் அந்த இரண்டு வீடியோவுக்கான விலையைக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் எந்தத் தேதிக்குள் ஸ்ட்ரைக் திரும்பப் பெறப்படும், பழைய வீடியோக்களும் அடங்குமா என்பவை இருக்க வேண்டும். 'தவறு செய்தேன்' என்ற வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

இதையெல்லாம் வீடியோவாகப் பேசும் எண்ணம் இருந்தால் ஒன்று. 2025 மே மாதம் மோஹக் மங்கல் என்ற யூடியூபர், ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தன்னிடம் பெருந்தொகை கேட்டதாக வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். ஏஎன்ஐ டெல்லி உயர் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தொடுத்தது; வீடியோவின் சில பகுதிகளை அவர் நீக்க வேண்டி வந்தது. சிக்கலாகிப்போனது பெரிதும் அவர் பயன்படுத்திய வசைச்சொற்கள். தேதி, தொகை, வந்த மெயிலின் வாசகம் இவற்றை மட்டும் காட்டுங்கள். அடைமொழி சேர்க்கும் வேலையைப் பார்வையாளர்களே பார்த்துக்கொள்வார்கள்.