வெள்ளைக்காரன் எங்கே கட்டினான்?

கேள்வி: சுதந்திரம் பெற்று இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், வெள்ளைக்காரன் கட்டிய கட்டிடங்களை நம் வரிப்பணத்தில் ஏன் பாதுகாக்க வேண்டும்? இடித்துவிட்டு அடுக்குமாடி அலுவலகங்கள் எழுப்பினால் என்ன?

பதில்: வெள்ளைக்காரன் எங்கே ஐயா கட்டினான்? சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வரைபடம் போட்டவர்கள் பிராசிங்டனும் ஹென்றி இர்வினும். ஆள் சேர்த்து, செங்கல் அடுக்கி, 1892இல் அதைக் கட்டி முடித்தவர் ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். கன்னிமரா நூலகமும் விக்டோரியா பப்ளிக் ஹாலும் அவர் எழுப்பியவையே. (கணித மேதை ராமானுஜன் 1920இல் கண் மூடியதும் சேத்துப்பட்டில் இந்தச் செட்டியாருக்குச் சொந்தமான ஒரு வீட்டில்தான்.) எழும்பூர் ரயில் நிலையத்தைக் கட்டியவர் பெங்களூர் சாமிநாத பிள்ளை. வரிப்பணம் என்கிறீர்களே, அரசாங்கம் அன்று செலவழித்ததும் உங்கள் கொள்ளுத்தாத்தா கட்டிய வரிதான். அவரைக் கேட்காமல் செலவழித்தார்கள் என்பது வேறு வழக்கு.

அந்தக் கட்டிடங்களில் அண்ணாந்து பார்த்தால் 'மெட்ராஸ் டெரஸ்' தெரியும். தேக்கு உத்தரங்களின் மேல் சன்னமான செங்கற்களைச் செங்குத்தாகவும் சாய்வரிசையாகவும் சுண்ணாம்பில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்தபடி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்துக் கெட்டிப்படுத்திய தளம் அது. அந்தக் கைகளுக்கும் லண்டனுக்கும் என்ன சம்பந்தம்?

பழைய சுவரில் சிமெண்ட் பூசுவதைக் கண்டித்து இந்தப் பக்கத்தில் நான் எழுதியபோது, பொறியாளர் ஒருவர், "சிமெண்ட் கண்டுபிடித்த பிறகும் கடுக்காயா?" என்று சீறிக் கடிதம் போட்டார். அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: சுண்ணாம்புக் காரை தான் குடித்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமெண்ட் பூச்சு விடாது, உள்ளே அடைபட்ட ஈரமும் உப்பும் செங்கல்லை மாவாக உதிர்த்துவிடும். பொறியாளருக்குக் கடுக்காய் வயிற்றுக்கு மட்டும்தான் என்று நினைப்பு. ஆனால் அவர் மதிக்கும் பொதுப்பணித் துறையே, 2012இல் தீக்கிரையான சேப்பாக்கம் அரண்மனையின் கல்சா மஹாலை மீட்டபோது சுண்ணாம்பையும் வெல்லத்தையும் கடுக்காயையும்தான் தேடிப் போனது. துறை கெட்டிக்காரத் துறைதான். எரிந்த பிறகு காட்டும் அக்கறையை எரிவதற்கு முன்பே காட்டினால் போதும்.

அடுக்குமாடிக்கு வருவோம். அண்ணா சாலையில் 1897இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டிடத்தை, அதன் உரிமையாளரான எல்.ஐ.சி. 2006இல் இடிக்கத் தொடங்கியது. மரபுக் கட்டிடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு வழக்குப் போட, 2010இல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்றது. நீதிமன்றம் இடிப்பதைத்தான் தடுத்தது. பராமரிப்பதையும் தடுத்துவிட்டதாக எண்ணிக்கொண்டார்களோ என்னவோ, கட்டிடம் பாழாகிக்கொண்டே போனது. இப்படிப்பட்ட கட்டிடங்களைக் காப்பதற்கான தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டமோ 2012இல் இயற்றப்பட்டு, நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளில் கூரையில் முளைத்த ஆலங்கன்று மரமாகிவிடும்.

வரிப்பணம் வீணாகும் இடத்தைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள் என்றால், பழைய சுவரில் பூசிய சிமெண்ட் உதிர உதிர, சுரண்டிவிட்டு மறுபடியும் சிமெண்டையே பூச விடும் டெண்டரைப் பாருங்கள். அந்தப் பணத்தில் நூறு கொத்தனார்களுக்குச் சுண்ணாம்பு வேலை கற்றுக்கொடுக்கலாம்.